கொடியின் மறுமுனையையும் பாருங்கள்

பனிக்குடம் உடைகிறது. நீரோடு ரத்தமும் வருகிறது. பிரசவ அறையில் இருப்பவர்கள் தாயின் நாடியைப் பார்க்கிறார்கள். ரத்த அழுத்தத்தைப் பார்க்கிறார்கள். இரண்டும் சீராக இருக்கின்றன. அவர் முகம் வெளிறவில்லை, மயக்கம் இல்லை, பேசுகிறார். பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் படுவது வழக்கம்தானே என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போகக்கூடிய தருணம் அது. ஆனால், சில பிரசவங்களில் அந்த ரத்தம் தாயுடையது அல்ல; வயிற்றில் இருக்கும் குழந்தையுடையது. மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் உடலில் ஓடுகிற மொத்த ரத்தமே ஏறக்குறைய 250 முதல் 300 மில்லிதான். ஒரு காபி டம்ளர் அளவு வெளியேறிவிட்டால் அந்தக் குழந்தையைக் காப்பாற்றுவது மிகக் கடினம். தாய்க்கு எதுவும் ஆகியிருக்காது. சில நிமிடங்களில் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கிவிடும்.

இந்த நிலைக்கு மருத்துவத்தில் வாசா பிரீவியா என்று பெயர். தொப்புள்கொடியை நாம் ஒரே கயிறாகவே கற்பனை செய்துகொள்கிறோம். உள்ளே இரண்டு தமனிகள், ஒரு சிரை. நச்சுக்கொடியிலிருந்து பிராணவாயு நிறைந்த ரத்தத்தைக் குழந்தைக்குக் கொண்டுவருவது சிரை. பயன்படுத்திய ரத்தத்தைத் திருப்பி அனுப்புபவை தமனிகள். மூன்றையும் சுற்றி வழுவழுப்பான கெட்டிக் கூழ் ஒன்று இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த லண்டன் மருத்துவர் தாமஸ் வார்ட்டன் பெயரில் அது வார்ட்டன் ஜெல்லி என்று அழைக்கப்படுகிறது. குழந்தை உதைத்தாலும் புரண்டாலும் குழாய்கள் நசுங்காமல் காப்பது அந்தக் கூழ்தான். வழக்கமாகக் கொடி நேராக நச்சுக்கொடியின் நடுப்பகுதியில் போய்ச் சேரும். ஏறத்தாழ நூறு கர்ப்பங்களில் ஒன்றில் மட்டும் அது நச்சுக்கொடியை எட்டும் முன்பே பனிக்குடத்தின் சவ்வில் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து நச்சுக்கொடி வரையில் ரத்தக்குழாய்கள் கூழின் காப்பு இல்லாமல் மெல்லிய சவ்வின் மேலேயே ஓடுகின்றன. அந்தக் குழாய்கள் கருப்பை வாய்க்கு நேர் மேலே குறுக்காகப் போய்விட்டால் ஆபத்து. பனிக்குடம் உடையும்போது சவ்வு கிழியும். சவ்வோடு குழாயும் கிழியும்.

வெளிவரும் ரத்தம் யாருடையது என்று கண்டறிய எளிய சோதனை ஒன்றுகூட உண்டு. 1955இல் லியனார்ட் ஆப்ட் சொன்ன முறை அது. ரத்தத்தில் காரத்தைக் கலந்தால் தாயின் ரத்தம் பழுப்பாக மாறும், சிசுவின் ரத்தம் இளஞ்சிவப்பாகவே நிற்கும். ஆனால், உண்மையான நெருக்கடியில் சோதனைக் குழாயைத் தேடி எடுத்துக் கலந்து பார்க்க நேரம் இருக்காது. கண்டுபிடிக்க வேண்டிய காலம் பிரசவ அறையில் அல்ல, அதற்கு நான்கைந்து மாதம் முன்பு.

அப்படி முன்பே கண்டுபிடித்தால் என்ன கிடைக்கும்? 2004இல் யிங்கா ஒயிலீஸி என்ற மகப்பேறு மருத்துவரும் அவருடைய சகாக்களும் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியிட்ட ஆய்வு 155 வாசா பிரீவியா கர்ப்பங்களை எடுத்துக்கொண்டது. ஸ்கேனில் முன்கூட்டியே தெரிந்துவிட்ட 61 பேரின் குழந்தைகளில் 59 பிழைத்தன. பிரசவத்தின்போதுதான் தெரிந்த 94 பேரின் குழந்தைகளில் பிழைத்தவை 41. விழுக்காட்டில் சொன்னால் 97, 44. பிழைத்த குழந்தைகளுக்குள்ளும் வேறுபாடு பெரிது. முன்பே தெரியாதவர்களின் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குப் பிறந்தவுடன் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. தெரிந்தவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று நான்குக்குத்தான். பின்னாளில் வந்த தொகுப்பாய்வுகளில் இந்த இடைவெளி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, திசை மாறவில்லை. மகப்பேறு மருத்துவத்தில் ஒரு ஸ்கேன் முடிவு உயிரை இவ்வளவு நேரடியாகக் காப்பாற்றும் இடங்கள் மிகக் குறைவு. மருந்தும் பெரிய இயந்திரமும் தேவைப்படாத லாபம் இது. அந்தக் குழாய் அங்கே ஓடுகிறது என்ற செய்தி மட்டும் கையில் இருந்தால் போதும். வலி வரும் முன்பே சிசேரியன் செய்து குழந்தையை வெளியே எடுத்துவிடலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். அஞ்சாம் மாச ஸ்கேன், அதாவது 18 முதல் 22 வாரத்துக்குள் குறைபாடுகளைத் தேடும் ஸ்கேன், இன்று தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பழகிய ஒன்று. அறிக்கையைக் கையில் வாங்கிப் பாருங்கள். தலையின் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம், இதயத்தின் நான்கு அறைகள், முதுகெலும்பு, சிறுநீரகங்கள் என்று வரிவரியாக இருக்கும். நச்சுக்கொடி பற்றி ஒரு வரி: முன்புறம் அல்லது பின்புறம், கீழே இறங்கவில்லை. கொடி பற்றி ஒரு வரி: மூன்று ரத்தக்குழாய்கள். பல அறிக்கைகளில் கொடியின் கதை அத்தோடு முடிந்துவிடும். அந்தக் கொடி நச்சுக்கொடியில் எங்கே போய்ச் சேர்கிறது, நடுவிலா, விளிம்பிலா, சவ்விலா என்ற வரி இருக்காது. நல்ல மையங்களில் இருக்கிறது. அவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால், அது மையத்துக்கு மையம், மருத்துவருக்கு மருத்துவர் மாறுகிற நல்ல பழக்கமாக இருக்கிறதே தவிர, கட்டாய வரியாக இல்லை.

அதேநேரம் மாதம் ஏறிய பிறகு எடுக்கும் ஸ்கேன்களில் இன்னொரு வரி தவறாமல் இடம்பிடித்துவிடுகிறது: கழுத்தில் ஒரு சுற்றுக் கொடி. அந்த ஒரு வரி குடும்பத்தைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. அறிக்கை வீட்டுக்கு வந்த நிமிடமே உறவுகளுக்கெல்லாம் போன் போகும். "கொடி சுத்தியிருக்காம்" என்று பாட்டி சொல்லும் தொனியிலேயே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடும். கொடி சுற்றிப் பிறக்கும் பிள்ளை மாமனுக்கு ஆகாது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரோடியிருக்கிறது. தாய்மாமன் குழந்தையை நேரில் பார்க்கும் முன் எண்ணெயில் அதன் முகத்தைப் பார்க்கும் சடங்கு இன்றும் பல ஊர்களில் நடக்கிறது. சடங்கால் யாருக்கும் தீங்கில்லை. தீங்கு, அந்தப் பயம் மருத்துவமனைக்குள் நுழைந்து, 'எதுக்குங்க ரிஸ்க், ஆபரேஷனே பண்ணிடுங்க' என்ற வேண்டுகோளாக மாறும்போது வருகிறது. மறுத்துச் சொல்ல நேரமோ மனமோ இல்லாத மருத்துவரும் சேர்ந்துவிட்டால் தேதி குறித்துவிடுவார்கள்.

கழுத்தில் கொடி சுற்றியிருப்பது நோய் அல்ல. 20ஆவது வாரத்தில் நூறு குழந்தைகளில் ஆறு பேருக்கு அப்படி இருக்கும். 42ஆவது வாரத்தில் அது 29 வரை ஏறும். கிட்டத்தட்ட 50 முதல் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள கொடியோடு நீரில் மிதந்து சுழலும் குழந்தைக்கு அது இயல்பு. இன்று சுற்றியிருப்பது அடுத்த வாரம் கழன்றிருக்கும். இன்று இல்லாதது பிரசவத்தின்போது இருக்கும். பெரும்பாலானவர்கள் நினைப்பதுபோல் அது குழந்தையின் கழுத்தை நெரித்து மூச்சை நிறுத்தவும் முடியாது. வயிற்றுக்குள் குழந்தை மூக்கால் மூச்சுவிட்டுப் பிராணவாயு பெறுவதில்லை. அதன் நுரையீரலில் இருப்பது திரவம். பிராணவாயு கொடி வழியாகத்தான் போகிறது. எனவே, கேட்க வேண்டிய கேள்வி கழுத்து நெரிபடுகிறதா என்பதல்ல, கொடிக்குள் ரத்த ஓட்டம் தடைபடுகிறதா என்பதுதான். வலியின்போது இறுக்கமான சுற்று ஓட்டத்தைத் தடுக்கக்கூடும். அப்படித் தடுத்தால் குழந்தையின் இதயத் துடிப்பு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். துடிப்பைக் கவனித்துக்கொண்டிருப்பதும், அது கெட்டால் உடனே தலையிடுவதும்தான் மருத்துவம். இரண்டு மூன்று சுற்றுகள் இருந்தால், குழந்தையின் வளர்ச்சியும் குறைவாக இருந்தால், கூடுதல் கவனம் தேவை. மற்றபடி ஒற்றைச் சுற்று தனியாகச் சிசேரியனுக்கான காரணம் அல்ல.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் சிசேரியன் பிரசவங்கள் 44.9 விழுக்காடு. அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. முந்தைய சுற்றில் மாநிலத்தின் மொத்த அளவு 34.1 ஆக இருந்தது. இந்த ஏற்றத்துக்குப் பல காரணங்கள் உண்டு. கொடி சுற்றியிருக்கிறது என்ற பயமும் அவற்றில் ஒன்று என்பதை மகப்பேறு வார்டுக்குப் போய்வந்த எந்தக் குடும்பமும் ஒப்புக்கொள்ளும். கழுத்தில் இருக்கும் கொடிக்குப் பயந்து தேவையில்லாத அறுவை சிகிச்சைகள் நடக்கும் மாநிலத்தில், உண்மையிலேயே சிசேரியன் மட்டுமே காப்பாற்றக்கூடிய குழந்தையைக் காட்டித்தரும் மறுமுனை பார்க்கப்படாமல் போகிறது. இது எனக்குப் பெரிய வேதனையாக இருக்கிறது.

கழுத்துச் சுற்று பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இது பிரசவம் பார்ப்பவர்களுக்கானது. சிரையின் சுவர் மெல்லியது, தமனியின் சுவர் தடித்தது. கொடி இறுகும்போது முதலில் நசுங்குவது சிரை. குழந்தையிடமிருந்து ரத்தம் நச்சுக்கொடிக்குப் போய்க்கொண்டிருக்கும், திரும்பி வருவது குறையும். தலை வெளியே வந்தவுடன் அவசரப்பட்டுக் கொடியைக் கவ்வியிட்டு வெட்டினால், அங்கே தேங்கிய ரத்தம் குழந்தைக்கு வராமலே போய்விடும். முடிந்தவரை சுற்றைத் தலைக்கு மேலாக நழுவவிடுவதும், முடியாவிட்டால் குழந்தையின் தலையைத் தாயின் தொடையை ஒட்டிப் பிடித்து உடலை மெல்லப் புரட்டி வெளியே கொண்டுவந்து பிறகு சுற்றை எடுப்பதும் நல்ல முறை. நலமாகப் பிறக்கும் குழந்தைக்கு ஒரு நிமிடத்துக்கு முன் கொடியைக் கவ்வியிட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இந்த ரத்தக் கணக்கை வைத்துத்தான்.

ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. கொடியில் விழும் உண்மையான முடிச்சு நூறு பிரசவங்களில் ஒன்றில் இருக்கும். அதில் பெரும்பாலானவை ஸ்கேனில் தப்பிவிடுகின்றன, பிறந்த பிறகுதான் தெரியும். மூன்றுக்குப் பதில் இரண்டே குழாய் உள்ள கொடி, அதாவது ஒரு தமனி குறைவான கொடி, ஸ்கேனில் எளிதாகத் தெரியும். ஆனால், தெரிந்த மாத்திரத்தில் பயப்பட அதில் ஒன்றுமில்லை. இதயத்தையும் சிறுநீரகங்களையும் ஒருமுறை கவனமாகப் பார்த்து, வேறு குறைபாடு இல்லையென்று உறுதிசெய்துகொண்டால், குழந்தையின் வளர்ச்சியை அவ்வப்போது கண்காணித்தால் போதும். அப்படித் தனியாக ஒரு தமனி மட்டும் குறைந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவர்கள் நலமாகவே பிறக்கிறார்கள். இதைச் சொல்லாமல் 'இரண்டு ரத்தக்குழாய்' என்று மட்டும் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, மீதியை இணையத்தில் தேடிக்கொள்ளும்படி கர்ப்பிணியை விடுவது பெரிய கொடுமை.

கொடியைப் பார்ப்பதால் உயிர் பிழைக்கும் இன்னொரு இடம் டாப்ளர். கொடித் தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தை ஒலியலையால் அளக்க முடியும் என்று 1977இல் டப்ளினில் ஃபிட்ஸ்ஜெரால்டும் டிரம்மும் காட்டினார்கள். நச்சுக்கொடி பழுதடைந்தால் இதயத் துடிப்புகளுக்கு இடையில் ஓட்டம் குறையும், பிறகு நின்றுபோகும், கடைசியில் பின்னோக்கித் திரும்பும். ரத்த அழுத்தம் ஏறிய தாய்மாருக்கும் வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கும் இது அபாய அறிவிப்பு. 10,000க்கு மேற்பட்ட பெண்கள் பங்கெடுத்த 19 பரிசோதனைகளைத் தொகுத்த காக்ரன் ஆய்வு, சிக்கலான கர்ப்பங்களில் டாப்ளர் பயன்படுத்தியபோது குழந்தை இறப்பு ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்ததாகச் சொல்கிறது. சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பங்களில் எல்லோருக்கும் செய்தபோது அப்படியான பயன் தெரியவில்லை. இந்த இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். எல்லோருக்கும் எல்லா ஸ்கேனும் என்பது என் கோரிக்கை அல்ல. யாருக்கு எதைத் தேட வேண்டும் என்று தெரிந்து தேட வேண்டும்.

வாசா பிரீவியாவுக்கும் இதே நியாயம் பொருந்தும். பிரிட்டனின் தேசிய ஸ்கிரீனிங் குழு எல்லாக் கர்ப்பிணிகளிடமும் இதைத் தேடும் திட்டத்தைப் பரிந்துரைக்கவில்லை. அவர்களின் தயக்கத்தைத் தள்ளிவிட முடியாது. ஏறத்தாழ 2,500 கர்ப்பங்களில் ஒன்றில்தான் இது இருக்கிறது. அஞ்சாம் மாதத்தில் கருப்பை வாய்மேல் தெரிந்த குழாய், கருப்பை விரிய விரிய விலகிப்போவதும் உண்டு. இல்லாத ஆபத்துக்குப் பயந்து குழந்தையைக் குறைமாதத்தில் எடுத்துவிட்டால் அதுவும் தீங்கே. ஆனால், யாருக்கு இது வருகிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. அஞ்சாம் மாதத்தில் நச்சுக்கொடி கீழே இறங்கியிருந்து பின்னர் மேலேறியவர்கள், நச்சுக்கொடி இரண்டு மடலாகப் பிரிந்தோ துணை மடலோடோ இருப்பவர்கள், கொடி சவ்வில் சேர்பவர்கள், இரட்டைக் கருவைச் சுமப்பவர்கள், ஐ.வி.எஃப். முறையில் கருத்தரித்தவர்கள். இவர்களுக்குள் தேடினால் பெரும்பாலானவை அகப்பட்டுவிடும். ஐ.வி.எஃப். கர்ப்பங்களில் இந்த ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். மாவட்டத் தலைநகரங்கள்தோறும் கருத்தரிப்பு மையங்கள் முளைத்திருக்கும் தமிழ்நாட்டில், பல ஆண்டு காத்திருந்து, கடன் வாங்கி, ஊசி போட்டுக் கருத்தரித்த ஒரு பெண்ணின் குழந்தை, ஒரே ஒரு முறை பார்க்காமல் விட்டதற்காகப் பனிக்குடம் உடைந்த பத்தாவது நிமிடத்தில் இறந்துபோவதை எந்தக் குடும்பத்தால் தாங்க முடியும்? ஆண்டுக்கு எட்டு ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கும் மாநிலம் இது. 2,500க்கு ஒன்று என்று வைத்தாலே 300 குழந்தைகளுக்கு மேல் கணக்கு வருகிறது.

தேடுவதும் கடினமல்ல. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் சாதாரண ஸ்கேனிலேயே கொடி சேரும் இடத்தை அஞ்சாம் மாதத்தில் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் பார்த்துவிடலாம். மாதம் ஏற ஏறக் குழந்தை மறைத்துக்கொள்ளும். அதனால்தான் அஞ்சாம் மாதம் முக்கியம். மேலே சொன்னவர்களுக்கு மட்டும் அடுத்த படி: உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன், கலர் டாப்ளரைப் போட்டுக் கருப்பை வாய்மேல் ஏதாவது குழாய் ஓடுகிறதா என்று பார்ப்பது. இங்கே ஒரு தடை இருக்கிறது. உள்ளே வைத்துப் பார்ப்பது என்றதும் பெண்கள் கூசுகிறார்கள், உடன் வந்த மாமியார் வேண்டாம் என்கிறார், குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று கணவர் கேட்கிறார். எதற்காகப் பார்க்கிறோம், குழந்தையை அது தொடாது, நச்சுக்கொடி கீழே இருந்தாலும் அது பாதுகாப்பானது என்று செவிலியர் இரண்டு நிமிடம் எடுத்துச் சொன்னால் பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். அந்த இரண்டு நிமிடம் வரிசையில் நாற்பது பேர் காத்திருக்கும் ஸ்கேன் அறையில் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. பாலினத் தேர்வைத் தடுக்க 1994இல் வந்த சட்டத்தின்படி ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எஃப் படிவம் நிரப்ப வேண்டும். அந்தச் சட்டம் வேண்டும், அதில் தளர்வு கூடாது. ஆனால், படிவத்துக்குச் செலவாகும் கவனத்தில் ஒரு பங்கு அறிக்கையின் தரத்துக்கும் போக வேண்டாமா? எஃப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் கேள்வி கேட்க அதிகாரி உண்டு. கொடி சேரும் இடம் எழுதப்படாத அறிக்கையைக் கேள்வி கேட்க யாரும் இல்லை.

அரசு செய்யக்கூடியது சிறியது, செலவும் இல்லாதது. அஞ்சாம் மாச ஸ்கேன் அறிக்கைக்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே படிவம். அதில் கொடி நச்சுக்கொடியில் சேரும் இடம் என்று கட்டாய வரி ஒன்று. நச்சுக்கொடி கீழிறங்கியவர்கள், ஐ.வி.எஃப்., இரட்டைக் கரு ஆகியோருக்குக் கருப்பை வாய்மேல் ரத்தக்குழாய் உண்டா இல்லையா என்று இன்னொரு வரி. சந்தேகம் இருந்தால் 32ஆவது வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்லும் குறிப்பு. கர்ப்பிணிகள் அனைவருக்கும் பிக்மி எண் கொடுத்துப் பதிவு செய்யும் மாநிலத்துக்கு இந்த இரண்டு வரிகளை அந்தப் பதிவோடு இணைப்பது பெரிய வேலையல்ல. கூடவே, ஒற்றைக் கழுத்துச் சுற்றைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்றால், 'இது இயல்பானது, இதற்காக மட்டும் அறுவை சிகிச்சை தேவையில்லை' என்று தமிழில் ஒரு வரி சேர்த்து எழுதட்டும்.

கண்டுபிடித்த பிறகு நடக்க வேண்டியது தனிக் கதை. உறுதியானவர்களுக்கு நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி, 30-32 வாரம் வாக்கில் மருத்துவமனையில் சேர்த்துக்கொள்வது, 34 முதல் 36 வாரத்துக்குள் வலிக்கு முந்தைய சிசேரியன் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வழி. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும், உடனே ஏற்றத் தயாராக ஓ நெகட்டிவ் ரத்தமும் இருக்கும் இடத்தில்தான் அந்தப் பிரசவம் நடக்க வேண்டும்; தமிழ்நாட்டில் அதற்குச் சீமாங் என்னும் அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. ஆனால், மூன்று நான்கு வாரம் மருத்துவமனையில் படுத்திருப்பது எல்லோராலும் முடிவதல்ல. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது யார், உடனிருப்பவரின் சம்பளம் என்னாவது, உடம்பில் எந்த வலியும் தெரியாத நிலையில் எதற்காகப் படுத்துக்கிடக்க வேண்டும் என்று ஊர் கேட்பதற்கு என்ன பதில்? 'நான்தான் நல்லா இருக்கேனே' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கருப்பை வாய் நீளமாக இருந்து, ரத்தப்போக்கு எதுவும் இல்லாமல், மருத்துவமனைக்கு அருகிலேயே வீடும் உள்ளவர்களை வீட்டிலிருந்தபடி கண்காணிப்பதை வழிகாட்டுதல்களும் ஏற்கின்றன. தொலைவில் இருப்பவர்களுக்கு, மலைக் கிராமப் பெண்களுக்காகச் சில இடங்களில் நடத்தப்படும் பிரசவக் காத்திருப்பு அறைகளைப் போன்ற இடம் மாவட்டச் சீமாங் மையங்களின் வளாகத்திலேயே வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகையின் ஒரு தவணையை அந்த வாரங்களுக்கென்று முன்னதாகவே கொடுக்கவும் வேண்டும்.